அப்பாவின் தலையில் ஊற்றிய தண்ணீர்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு பின்பக்கம், பிணவறைக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடிதான் மூக்கைப் பிடுங்கும். அது பழகிப்போன பிறகுதான் ஈரத்துணியின் வாடை தனியாகவும் சூடேறிய இரும்பின் வாடை தனியாகவும் தெரியவரும். ரத்தம் பட்ட விரிப்புகளை முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் கறை துணியோடு சேர்ந்து வெந்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்தே அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலையிலிருந்து வந்தவள் என்பதால் வந்த புதிதில் மலைக்காரி என்றார்கள். தலை நரைக்க ஆரம்பித்ததும் மரியாதை கூடி மலையக்கா ஆனாள்.

அவள் மலையை விட்டு இறங்கியது ஆசைப்பட்டு அல்ல. மகனுக்கு அப்போது பால் பல்கூட முழுசாக முளைக்கவில்லை. காய்ச்சலில் துவண்டு, கழுத்து நிற்காமல் தொங்கியது. குவாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்த புருஷன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். நகரத்தில் சபை நடத்தும் இந்த ஆஸ்பத்திரியில்தான் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை பிழைத்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. போதகர் ஒருவர் தினமும் கட்டிலருகே வருவார். முதல்நாள் அவர் வந்ததும் புருஷனும் அவளும் பதறி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவரோ வராந்தாவிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தானே தூக்கி வந்து போட்டு, "உட்காருங்க. நீங்க உட்கார்ந்தாத்தான் நானும் உட்காருவேன்" என்றார். கீழ்நாட்டு மனிதர் ஒருவர் தங்களுக்கு நாற்காலி போட்டதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. கடவுளைப் பற்றி அவர் பேசியது பாதி புரியவில்லை. நாற்காலி புரிந்தது.

அந்த வருஷமே இருவரும் சபையில் சேர்ந்து தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். புருஷன் குடியை விட்டான். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள். சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. பின்கட்டில் ஓர் அறையும் கிடைத்தது. கெட்டுப்போனோம் என்று சொல்ல அவளிடம் எந்தக் காரணமும் இருக்கவில்லை. குவாரித் தூசி நெஞ்சில் ஏறி புருஷன் செத்தபோதுகூட, அடக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் சபைதான் முன்நின்று பார்த்தது. மகன் வளர்ந்து சபையின் வேனை ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுவான், நல்ல குரல். மலைப் பேச்சு மட்டும் அவனுக்கு வராது. அவள் எப்போதாவது அந்தப் பேச்சில் ஏதாவது சொன்னால், "அம்மா, ஆளுங்க இருக்காங்க" என்பான்.

மலையில் அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள். அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர்கள் கூட்டத்தில் யார் செத்தாலும் குழிமேட்டில் நின்று பெயர் கூப்பிடுகிறவர் அவர்தான். கூட்டத்தின் முதல் ஆளிலிருந்து தொடங்கி இதுவரை செத்த எல்லோருடைய பெயரையும் வரிசை பிசகாமல் கூப்பிட்டு, கடைசியாக அன்றைக்குச் செத்தவரின் பெயரைக் கூப்பிடுவார். அப்போதுதான் புதிதாகச் செத்தவருக்குத் தான் யாருக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று தெரியும். கூப்பிடாவிட்டால் அந்த ஆள் எங்கே போவார், யாரோடு இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. கோயில், படம், புத்தகம் என்று அவர்களுக்கு வேறெதுவும் கிடையாது.

மகள் தண்ணீர் வாங்கிய சேதி கேட்டு அப்பா சத்தம் போடவில்லை. எப்போதாவது அவள் மேலே போனால், "வா பாப்பா, நடந்தா வந்த?" என்பார். நரை விழுந்த பிறகும் அவளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அப்பா மன்னித்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அண்ணன் அப்பாவைக் கீழே கொண்டுவந்தான். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, மூச்சு விசில் அடித்தது, பேச்சு நின்றுவிட்டிருந்தது. கட்டிலில் சேர்த்ததும் அண்ணன், "வீட்டுல பிள்ளைங்க தனியா இருக்கு. போயிட்டு வந்துடுறேன். நீதான் இருக்கியே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். அவன் மலையேறி வீடு சேர்ந்த பிறகு மலைப் பாதை இடிந்து விழுந்தது. போக வர வழி இல்லாமல் போயிற்று.

ஒரு காலை டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நம் ஆஸ்பத்திரி ஆள் என்பதால் மறைக்காமல் சொன்னார். "சாயங்காலம் தாண்டுறது கஷ்டம். ஆக வேண்டியதைப் பார்த்துக்கோங்கக்கா."

ஆக வேண்டியது என்றால் மண். பாதை இல்லாததால் உடலை மலைக்குக் கொண்டுபோக முடியாது. பிணவறையில் வைத்திருக்கவும் வசதி இல்லை. யாரும் கேட்டு வராத பிணங்களை நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போவதை அவள் சலவைப் பிரிவின் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருந்தாள். அந்தப் பிணங்களைச் சுற்றிக்கொடுத்த விரிப்புகள் மட்டும் சலவைக்குத் திரும்பி வராது.

நகரத்தின் பெரிய இடுகாட்டுக்கு ஓடினாள். வாசலில் வாட்ச்மேன் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்த மதம்?"

"மலை ஜனங்கங்க."

"அது எந்த ஊருங்கிறதுக்குப் பதில். மதம் என்னன்னு கேட்டேன்."

"நாங்க கும்பிடுறதுக்குப் பேர் கிடையாதுங்க."

வாட்ச்மேன் கெட்ட மனுஷன் இல்லை. குடையைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார். "பேர் இல்லாததுக்கு இங்க இடம் இல்லம்மா. நான் விட்டாலும் கமிட்டிக்காரங்க தோண்டி எடுக்கச் சொல்லுவாங்க. அது இன்னும் பாவம்."

அடுத்த இடத்திலும் அதே கேள்விதான் வந்தது. ஈரப் புடவையோடு அவள் போதகரிடம் வந்து நின்றாள். அதே போதகர்தான், இப்போது அவருக்கும் வயதாகி, கண்ணாடி தடித்திருந்தது.

"ஐயா, நம்ம கல்லறைத் தோட்டத்துல எங்கப்பாவுக்கு ஒரு இடம் குடுங்க."

"நம்ம சபையில சேர்ந்தவங்களுக்குத்தான்னு கமிட்டி எழுதி வெச்சிருக்கும்மா. நான் ஒருத்தன் சொல்லி மாறாது." அவர் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "அவர் சேரணும்னு எப்பவாவது விருப்பப்பட்டிருக்காரா? பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி எதாவது சொன்னாரா? நீ மக. நீ சொன்னாப் போதும்."

அவளுக்கு நகராட்சி வண்டிதான் கண்ணில் நின்றது.

"சொன்னாருங்கய்யா. விருப்பம்னு சொன்னாரு."

மத்தியானம் ஜெனரல் வார்டில், கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பை இழுத்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து போதகர் அப்பாவின் நெற்றியில் ஊற்றினார். ஒரு புதுப் பெயரும் வைத்தார். தண்ணீர் காதோரமாக வழிந்து தலையணை உறையில் இறங்கியது. அப்பாவின் இமை துடித்ததை அவள் பார்த்தாள். போதகரும் பார்த்தார்.

சாயங்காலம் தாண்டியது. மறுநாளும் தாண்டியது. மாற்றிக் கொடுத்த மருந்து பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். அந்த வாரம் முடிவதற்குள் அப்பா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று முகத்தைச் சுளித்தார்.

"சாவுக்கே டிமிக்கி குடுத்துட்டாருடி உங்கப்பன்" என்றாள் இஸ்திரி ரோலரில் நிற்கும் அக்கா. அவளுக்கு எதிலும் ஒரு நக்கல் உண்டு. "வாசல் வரைக்கும் போயி, உள்ள சாப்பாடு சரியில்லன்னு திரும்பி வந்திருப்பாரு."

மலையக்கா சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் நெற்றியில் ஊற்றிய தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

சபையில் அது பெரிய சேதியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றியதும் செத்த கிழவர் எழுந்தார் என்று வாய்க்கு வாய் ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் தாத்தாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். ஜெபக்கூடத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். யாரோ புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள். தோள் பெரிதாக இருந்ததால் கை உள்ளங்கை வரை மூடியது. கூடம் நிறைய ஜனம்.

"பெரியவரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லும்மா. நீயே எங்களுக்கு எடுத்துச் சொல்லு" என்றார் கமிட்டித் தலைவர்.

அப்பா அவள் பக்கம் திரும்பி மலைப் பேச்சில் கேட்டார். "இவங்கெல்லாம் யாரு பாப்பா? எதுக்கு என்னையே பார்க்குறாங்க?"

"உங்களுக்காக வேண்டிக்கிட்டவங்கப்பா. எதாவது பேசச் சொல்றாங்க."

அப்பா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். குழிமேட்டில் நின்று பேசிப் பழகிய ஆள். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர் இல்லை. "நல்லவங்களாத் தெரியுறாங்க. மருந்து குடுத்தாங்க, கஞ்சி குடுத்தாங்க. மறக்க மாட்டேன்னு சொல்லு. பாதை சரியானதும் என்னை வீட்டுக்கு அனுப்பி வெக்கணும்னு சொல்லு. எங்க ஆளுங்க பக்கத்துல போய்ப் படுக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் மகன் இருந்தான். முகம் கொள்ளாத பெருமை அவனுக்கு. சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை போட்டுக்கொடுத்த சபைக்கார அம்மா அவன் பக்கத்தில் இருந்தார்.

"உங்க உதவியை மறக்க மாட்டேன்னு சொல்றாரு" என்றாள். அப்புறம் மகனைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். "இனி இதுதான் என் வீடுன்னு சொல்றாரு."

கூடம் கைதட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன்னை வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்துத்தான் கைதட்டுகிறார்கள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். மூடிய சட்டைக் கைகளை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

பாதை சரியான பிறகு அண்ணன் வந்தான். அவள் அறையின் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே ஒரு கட்டில், ஸ்டவ், கம்பியில் மகனின் சட்டைகள், சுவரில் சபையின் காலண்டர். அப்பா கட்டிலில் இருந்தார். அண்ணனைக் கண்டதும், "வந்துட்டியா? என் போர்வையை எடு, கிளம்பலாம்" என்றார்.

அண்ணன் அசையவில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினான். "பஸ் ஸ்டாண்டு டீக்கடையில சொன்னாங்க. செத்து எழுந்த கிழவரோட மகன் நீதானேன்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். நிஜமா சொல்லு, தண்ணி ஊத்தினாங்களா?"

"என்ன தண்ணி?" என்றார் அப்பா.

அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். வாட்ச்மேன், நகராட்சி வண்டி, விரிப்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கடைசியில் மட்டும் கேட்டார்.

"ஊத்தச் சொன்னது யாரு?"

"நான்தாம்பா."

"பேரும் மாத்திட்டாங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். வெளியே சலவைப் பிரிவின் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "போகட்டும்பா. உங்களுக்கு நினைவே இல்லாதப்போ நடந்தது எப்படிக் கணக்காகும்? எழுந்திருங்க, போயிடலாம். மேல யார் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

"என்ன பேசுவ?" அப்பாவின் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "தண்ணி வாங்கினவங்க பேரைக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அண்ணன் தலை குனிந்துகொண்டான்.

அவளுக்குப் புரியவில்லை. "யாருப்பா சொன்னது?"

"நான்தான். நீ சேர்ந்த வருஷம். ஒவ்வொரு குடும்பமா இறங்கிக்கிட்டிருந்தது. அப்படியே விட்டா கூப்பிட ஆள் இருக்காது, கூப்பிடப் பேரும் இருக்காதுன்னு எனக்குப் பயம். பாதி இங்க பாதி அங்கன்னு யாரும் இருக்கக் கூடாதுன்னேன். கேட்டவங்க, உன் பொண்ணுக்கும் அதேதானான்னாங்க. அவளுக்குத்தான் முதல்லன்னேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு ஒரு தடவை மேலே போயிருந்தபோது, "அவரு பேரையும் கூப்பிடுறீங்களாப்பா?" என்று கேட்டிருந்தாள். அப்பா அப்போது அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். கூப்பிடுகிறார் என்று அவள் இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ பேர் என் காலைப் பிடிச்சு அழுதாங்க, எங்க பிள்ளை பேரையாவது கூப்பிடுன்னு" என்றார் அப்பா. "ஒருத்தருக்கும் நான் இறங்கி வரல. இப்போ எனக்குன்னதும் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

அண்ணன் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கெஞ்சினான். அப்பா போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வந்த அண்ணன் தனியாகவே திரும்பினான். போகும்போது தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அப்பா அந்த அறையில் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கூடவே வந்து, விரிப்புகள் காயும் கொடிகளுக்குக் கீழே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். சபைக்காரர்கள் அன்போடு பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் திரும்ப மாட்டார். பாவம், காது போய்விட்டது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார்கள். இஸ்திரி அக்கா மட்டும், "காது நல்லாத்தான் கேட்குது. பேருதான் அவருக்குக் கேட்கல" என்று தனக்குள் முனகுவாள்.

அவளை அவர் வெறுக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், கால் பிடித்துவிட்டால் நீட்டினார். பாப்பா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். கூப்பிட வேண்டி வந்தால் தொண்டையைச் செருமுவார்.

ஒரு நாள் விரிப்பு மடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "அப்பா, அந்தப் பேருங்களை எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மனசுக்குள்ள வெச்சுக்கிறேன்."

"வேணாம்" என்றார். "உன் பேரும் என் பேரும் வராத வரிசை உனக்கு எதுக்கு? நானே கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டிருக்கேன். நடுவுல நிறைய போயிடுச்சு."

ஆறுதலுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே மறக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகு முணுமுணுத்ததை அவள் பார்க்கவில்லை.

பனிக்காலம் முடிகிற நேரத்தில் நெஞ்சு மறுபடி கட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஒரு பகலில் அவள் ஆபரேஷன் தியேட்டர் துணிகளை ரோலரில் விட்டுக்கொண்டிருக்கும்போது மகன் வந்து வாசலில் நின்றான். அவன் ஒன்றும் சொல்லாததாலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கையிலிருந்த துணியை முழுவதும் விட்டு முடித்துவிட்டுத்தான் மெஷினை நிறுத்தினாள். பாதியில் நிறுத்தினால் கருகிவிடும்.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. எந்த இடத்துக்காக அந்தப் பொய்யைச் சொன்னாளோ அந்த இடம் கிடைத்தது. வரிசையாக, சுத்தமாக, வெள்ளையடித்த சிலுவைகளுக்கு நடுவில். மகன் தாத்தாவுக்காகப் பாடினான். அவன் குரல் அன்றைக்கு இருந்தது போல என்றைக்கும் இருந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், எதிர்க் கடையின் கூரைக்குக் கீழே அண்ணன் நிற்பதை அவள் பார்த்தாள். உள்ளே வரவில்லை. பெயர்களைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட அவனுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிறகு அவன்தான்.

குழியில் மண் விழத் தொடங்கியபோது அவள் உதடு தானாகப் பிரிந்தது. முதல் நான்கு பெயர்கள் அவளுக்குத் தெரியும்; சின்ன வயதில் பிள்ளைகள் எல்லோரும் விளையாட்டுக்குச் சொல்லித் திரிவார்கள். நான்கையும் மனசுக்குள் சொன்னாள். ஐந்தாவது வரவில்லை. நான்காவது ஆளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்களோ, அவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது கடைக் கூரைக்குக் கீழே யாரும் இல்லை.

பிறகு ஒரு நாள் அவள் போதகரின் அறைக்குப் போனாள். அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்கய்யா. அப்பா விருப்பம்னு சொல்லல."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துதும்மா. இன்னொரு தடவை கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னு நான் கேட்கல. ஒரு ஆத்மா கிடைக்குதேன்னு எனக்கும் ஆசை."

"அதைத் திரும்ப எடுக்க வழி இருக்காங்கய்யா?"

"இல்லம்மா. ஊத்தினதை எடுக்க எங்ககிட்ட ஜெபம் எதுவும் இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மகன் மனசு நோகும். எல்லோரும் கண்ணை மூடும்போது அவளும் மூடுவாள். உள்ளே எந்தப் பேச்சிலும் ஒன்றும் வருவதில்லை. மலைப் பேச்சில் பேச இப்போது ஆளும் இல்லை.

அதனால்தான் போன மாதம் பிரசவ வார்டிலிருந்து ஆள் அனுப்பியபோது அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள், கேட்பதற்கெல்லாம் வாயே திறக்கவில்லை, நீ வந்து உங்கள் பாஷையில் பேசு என்றார்கள். கட்டிலில் இருந்தவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மலையக்கா அவள் நெற்றியைத் தொட்டு, "எப்போலேர்ந்து வலிக்குதும்மா? பயப்படாதே, நான் நம்ம ஆள்தான்" என்றாள். மலைப் பேச்சைத் தன் வாயிலிருந்து கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. சொல்லும்போது நாக்கு இடறியது.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்துக் கயிற்றில் தொங்கிய சிறு சிலுவையைப் பார்த்தாள். மலையக்கா யாருடைய மகள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெற்றியிலிருந்த கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"எனக்கு உங்க பாஷை தெரியும்" என்றாள், நகரத்துப் பேச்சில், தெளிவாக. "டாக்டரையே கேட்கச் சொல்லுங்க."

"அட, நல்லாப் பேசுறாளே" என்றார் டாக்டர். "அப்போ நீங்க போகலாங்கக்கா."